இருபதுக்கு மேல் ஒன்று

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பிளக்ஸைப் பார்த்ததும் ஷம்ஸியா நடந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பெரிய பிளக்ஸ். முக்கூடலில் அவ்வளவு பெரிதாக அதற்கு முன் யாருக்கும் வைத்ததில்லை என்று, வைத்தவரே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் முக்கால் பங்கு இடத்தைப் பள்ளித் தாளாளர் குற்றாலலிங்கம் கைகூப்பிய கோலத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். மீதியில், சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் தாணுமாலையன் ஒரு வட்டத்துக்குள் அடைபட்டு, ஆதார் அட்டையில் விழுகிற மாதிரியான முகத்தோடு விழித்துக்கொண்டிருந்தார். 'கணித ஆய்வகத் திறப்பு விழா' என்பது மேலே. கணிதத்துக்கென்று மிஞ்சியது தாளாளரின் செருப்புக்குக் கீழே ஒரு முழம். அந்த ஒரு முழத்தில்தான், இன்றைய மாதிரி வகுப்புக்காக ஷம்ஸியா எழுதிக் கொடுத்த கணக்கு இருந்தது.

x³ + 5x² + 4x + 21

அவள் எழுதிக் கொடுத்தது 20.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். இருபத்தொன்றுதான். ஒரு முழத்துக்குள் அடக்கினாலும் எழுத்தைத் தெளிவாகத்தான் அடித்திருந்தார்கள்.

உறுப்புகளைச் சேர்த்துக் காரணிப்படுத்துவது பெரிய மந்திர வித்தையொன்றும் இல்லை. பந்தியில் ஆள் உட்கார வைக்கிற காரியம்தான். நாலு உறுப்பையும் இரண்டிரண்டாக உட்கார வைக்க வேண்டும். முதல் சோடியில் பொதுவாக இருக்கிற x² வெளியே வந்தால் உள்ளே (x + 5) மிஞ்சும். இரண்டாவது சோடி 4x + 20. அதில் 4 வெளியே வந்தால் அங்கேயும் அதே (x + 5). இரண்டு பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதால் அவரைப் பொதுவாக முன்னால் அழைத்து வைத்து, (x + 5)(x² + 4) என்று எழுதிவிட்டுக் கைகழுவப் போகலாம். இருபது இருபத்தொன்றாகிவிட்டால் இந்தப் பந்தி நடக்காது. ஒருவன் இலையில்லாமல் நடுவில் நின்றுகொண்டிருப்பான். உட்காரச் சொல்லவும் வழியில்லை, போகச் சொல்லவும் முடியாது.

சாதாரண நாளாக இருந்தால் இதற்கெல்லாம் ஷம்ஸியா பயப்பட மாட்டாள். தாளாளர் போன வாரம் சொல்லியிருந்தார்: "விழா நல்லபடியா முடிஞ்சிட்டுன்னா, மேடையில வச்சே ஒனக்கு நெரந்தர ஆர்டரக் குடுத்துருதேன்மா. பத்தாம் வகுப்பும் ஒனக்குத்தான்." முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் சொல்வதற்காகவே அவருடைய கொழுந்தியாள் மகள் பிரியதர்ஷினி முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டி வந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் கணக்குதான் படித்திருந்தாள். 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு' வந்தவள், சான்றிதழ் பைலை மடியில் வைத்திருந்தாள்.

ஷம்ஸியாவின் கணவன் அம்மார் சவுதியில், தம்மாமில் இருந்தான். "நெரந்தரமில்லாத வேலைக்குப் பேட்டையிலருந்து பஸ்ஸுல கெடந்து எதுக்கு அல்லாடுதே? இங்க வந்துரு" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னான். நல்லவன்தான். ஆனால் நாலு சுவருக்குள் ஏசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. கரும்பலகையில் ஒரு கணக்கு கலைந்து, சேர்ந்து, அடங்கி உட்காருவதைப் பார்க்கும்போது உண்டாகிற நிம்மதி அந்த ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் அவனிடம் பேச ஒரு வாய் கிடைக்கும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டாள். எடுத்தவன் பேச்சிராஜ்.

"தம்பி, நான் இருபதுன்னுல்லா எழுதிக் குடுத்தேன்?"

"ஆமாக்கா. நானும் இருபதுதான் போட்டேன். டிசைன ஒங்க தாளாளர் அண்ணாச்சிக்கு வாட்ஸப்புல அனுப்பினேன். ஒடனே போன் வருது. 'ஏலே, நல்ல காரியத்துக்கு அடிக்கித பிளக்ஸுல சுழியில கொண்டுவந்து முடிச்சிருக்கியே, அறிவிருக்கா? ஒண்ணு சேத்துப் போடுலே'ங்காரு. மொய்யில நூத்தியொண்ணு எழுதுவாங்கள்லாக்கா, அந்த மாதிரி. எனக்கும் அது சரியாத்தான் பட்டுது."

"அது எப்படி சரியாவும்? இது கணக்கு தம்பி!"

"மொய்யும் கணக்குதானக்கா."

ஒரே ஒரு சுழியை மட்டும் ஸ்டிக்கராக அடித்து யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கெஞ்சினாள். இங்கன கரண்டு இல்லை, சாயந்திரம் வேண்டுமானால் பெரிய சுழியாகவே அடித்துத் தருகிறேன் என்றான் பேச்சிராஜ். சாயந்திரம் அவளுக்குச் சுழி எதற்கு? அவள் நிலையே அதுவாகத்தான் இருக்கும்.

விழா தொடங்க இன்னும் நேரமிருந்தது. வெள்ளைச் சார்ட்டில் ஒரு சுழியை வரைந்து வெட்டினாள். பசையைத் தடவிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினாள். பசை கூடிப்போய்த் தாளாளரின் செருப்பில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நிஜச் செருப்பின் சத்தம் கேட்டது.

"என்னம்மா அங்கன ஏறி நிக்கெ?"

குற்றாலலிங்கம் ஒருகாலத்தில் பீடி இலை வியாபாரம் பார்த்தவர். கல்விக்கு வந்த பிறகு இலை என்ற சொல்லைத் தவிர்த்து 'முன்பு ஒரு தொழில்' என்று சொல்லப் பழகியிருந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பார். மூன்றிலும் அவர் பெயர் இருக்கும்.

ஷம்ஸியா இறங்கினாள். "ஐயா, இது இருபதா இருக்கணும். தப்பா இருபத்தொண்ணுன்னு..."

"தப்பா? நான்லா சேக்கச் சொன்னேன்."

"ஒண்ணு கூடுனா கணக்கு வராதுய்யா."

"கொறஞ்சா வராதுன்னு சொல்லு, கேக்கென். கூடுனா எப்படிம்மா வராமப் போவும்? நான் எத்தன யாவாரம் பாத்தவன். ஒண்ணு கூட இருக்குன்னு எவனாச்சும் எங்கிட்டச் சண்டைக்கு வந்திருக்கானா?"

ஷம்ஸியா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "பேராசிரியர் பாத்தாருன்னா..."

"பாக்கத்தான வருதாரு! பிள்ளைக கணக்கப் போட்டு முடிச்ச ஒடனே, சரியா தப்பான்னு அவரே எந்திரிச்சு விளக்கணும்னு சொல்லிட்டேன். அத்தன பெரிய மனுசன். ஒத்த ஒண்ணுக்கா தடுமாறப் போறாரு?" என்றவர் செருப்பில் இருந்த பசையைப் பார்த்தார். பிளக்ஸில் இருந்த செருப்பைத்தான். "கால்ல என்னம்மா ஒழுகுது? தொடச்சு விடு. அந்தச் சுழிய மட்டும் ஒட்டிராத, மங்களமான நாளு."

அவர் போனதும் தமிழாசிரியை ராஜராஜேஸ்வரி பக்கத்தில் வந்தாள். விழாவைத் தொகுத்து வழங்குகிறவள் அவள். தாளாளரின் பட்டங்களை ஒரு மூச்சில் சொல்வதற்காகக் காலையிலிருந்து கற்கண்டைக் கடைவாயில் அடக்கியிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, இதுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? ஒரு வாரமா பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணித்தான வச்சிருக்கே? அது பாட்டுக்கு எழுதிட்டு எறங்கட்டும். எவன் அங்கன பெருக்கிப் பாக்கப் போறான்?"

"பேராசிரியர் இருக்காருல்லாக்கா."

"பொன்னாடையப் போத்திட்டா ஆம்பிளைகளுக்குக் கண்ணு தெரியாதுட்டி. எத்தன விழா பாத்திருக்கேன்."

மனப்பாடம் செய்த பிள்ளை ஹனீன். கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நிற்கப் பயப்படாத பிள்ளை என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தாள் ஷம்ஸியா. அந்தப் பயப்படாமையே இப்போது வந்து நின்றது.

"டீச்சர், அங்கன இருபத்தொண்ணு போட்டிருக்கு. நம்ம விடையப் பெருக்குனா இருபதுதான வரும்? ஒண்ணு எங்க போவுது டீச்சர்?"

"பேசாம இரு ஹனீன். சொல்லிக் குடுத்தத மட்டும் எழுது."

சொன்ன வாய் மூடுவதற்குள் ஷம்ஸியாவுக்கு வாய் கசந்தது. 'ஒவ்வொரு முறையும் பெருக்கிச் சரிபார்' என்று பலகையின் மூலையில் வருஷம் முழுக்க எழுதி வைத்திருப்பவள் அவள்தான்.

சாமான்கள் போட்டிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு ஏதாவது வழியில் இது பிரிந்துவிட்டால்? அல்லாஹ் மனசு வைத்தால் எதுவும் நடக்கும். சோடியை மாற்றி உட்கார வைத்துப் பார்த்தாள், சேரவில்லை. கடைசி உறுப்பு இருபத்தொன்று என்றால் அதை வகுக்கிற எண்களைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாமே கூட்டல் என்பதால் மிகை எண்கள் உதவாது. மைனஸ் ஒன்று, மைனஸ் மூன்று, மைனஸ் ஏழு, மைனஸ் இருபத்தொன்று என்று புறங்கையில் பேனாவால் எழுதி ஒவ்வொன்றாகப் போட்டாள். ஏதாவது ஒன்றில் விடை சுழியாக வந்துவிட்டால் போதும், கணக்கு பிரிந்துவிடும். ஒன்றிலும் வரவில்லை. தாளாளருக்கு ஆகாத அந்தச் சுழி இங்கே ஒரே ஒருதரம் வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

வெளியே நாதஸ்வர சிடி பாடத் தொடங்கியது. பேராசிரியர் வந்துவிட்டார்.

விழா, விழாக்கள் நடக்கிற விதமாகத்தான் நடந்தது. கணித ஆய்வகம் என்பது பழைய சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தடுத்துக் கட்டிய அறை. உள்ளே பிளாஸ்டிக் முக்கோணங்களும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருந்தன. கடிகாரம் எப்படி ஆய்வகத்தில் சேர்த்தி என்று யாரும் கேட்கவில்லை. ரிப்பன் வெட்டினார்கள். கத்தரிக்கோல் வெட்டாததால் தாளாளர் ரிப்பனைப் பிடித்து இழுத்தார். ராஜராஜேஸ்வரி, "கல்விக் கடல், பொருநைப் பெருந்தகை, அறிவுச் சுரங்கம்" என்று அடுக்கிக்கொண்டே போனாள். சுரங்கத்தில் கற்கண்டு சிக்கி இருமினாள்.

ஷம்ஸியா மேடையின் ஓரத்தில் நின்று பேராசிரியரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முதலில் பொன்னாடையைச் சரிசெய்தார். பிறகு திரும்பிப் பிளக்ஸில் தன் படத்தைத் தேடினார். வட்டத்தைக் கண்டுபிடித்து முகம் சுளித்தார். அங்கிருந்து பார்வை கீழே இறங்கிக் கணக்கில் நின்றது. நின்றது நின்றதுதான். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அழைப்பிதழைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

கண்டுபிடித்துவிட்டார்.

அவர் எழுதினார், அடித்தார், எழுதினார். தாளாளர் 'நான் ஏன் கணிதத்தை நேசிக்கிறேன்' என்று பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பிதழைத் தலைகீழாகத் திருப்பி இடுக்கிலும் எழுதினார். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. கோபத்தில்தான் வேர்க்கிறது என்று ஷம்ஸியா நினைத்தாள். நடுவில் ஒருதரம் தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. புறங்கையில் இருந்த மைனஸ்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முன்வரிசையில் பிரியதர்ஷினி பைலை நிமிர்த்தி வைத்தாள்.

பிறகு பேராசிரியர் பேசினார். கேம்பிரிட்ஜுக்குத் தாம் போகவிருந்ததைப் பற்றிப் பேசினார். போகவில்லை என்பதைக் கூட்டம் தானாகவே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நேரமாகிவிட்டதால் மாதிரி வகுப்பை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாமே என்று இரண்டுதரம் சொன்னார். ஷம்ஸியாவுக்கு உயிர் வந்தது.

"அதெப்படிங்கய்யா?" என்று மைக்கைப் பிடித்தார் தாளாளர். "கணக்கப் போட்டு, நீங்க விளக்கிச் சொல்லாம ஒரு ஆளு இங்கனருந்து எந்திரிக்க மாட்டான்."

வந்த உயிர் போயிற்று. அவளுக்கு மட்டுமா போயிற்று என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஹனீன் பலகைக்கு முன்னால் நின்றாள். பிளக்ஸை நிமிர்ந்து பார்த்தாள். அதில் இருந்ததை இருந்தபடியே, இருபத்தொன்று என்றே எழுதினாள். முதல் சோடியை அடைப்புக்குள் போட்டாள். x² வெளியே வந்தது. (x + 5) உள்ளே நின்றது. கூட்டம் கைதட்டியது. தட்ட வேண்டிய இடம் எது என்று தெரியாததால் எல்லா இடத்திலும் தட்டினார்கள். இரண்டாவது சோடிக்கு வந்தாள். 4(x + 5) என்று எழுதினாள்.

அப்புறம் சாக்பீஸ் நின்றது.

அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக எழுதிய வரி. எழுதாமல் திரும்பி ஷம்ஸியாவைப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை. காலையில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அவ்வளவுதான். மைக்குக்குப் பக்கத்தில் ராஜராஜேஸ்வரி 'எழுதச் சொல்லுட்டி' என்று கண்ணை உருட்டினாள். கூட்டம் சலசலத்தது. பேராசிரியர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

'எழுது' என்று ஒரு சொல். சொன்னால் ஆர்டர். ஷம்ஸியா வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"மிச்சம் இருக்க ஒண்ணையும் எழுதும்மா."

ஹனீன் முகம் மலர்ந்தது. பட்டென்று எழுதினாள்:

(x + 5)(x² + 4) + 1

ஷம்ஸியா பலகைக்குப் பக்கத்தில் போனாள். "இந்தக் கோவை பிரியாது. இருபதா இருந்தா ரெண்டு சோடியும் ஒழுங்கா உக்காந்திருக்கும். ஒண்ணு கூடிப்போச்சு. அந்த ஒண்ணு எந்தச் சோடியிலயும் சேராது. வேற வழியிலயும் போட்டுப் பாத்தேன், முழு எண்ணுகள வச்சு இதப் பிரிக்க முடியாது." புறங்கையை வெளியே எடுத்துக் காட்டினாள். எதற்குக் காட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "பிரியாத கணக்கப் பிரிஞ்சிட்டுன்னு எழுதக் கூடாது. அவ்வளவுதான் இன்னைக்குப் பாடம்."

ஒரு தட்டல் இல்லை. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. தாளாளர் மெதுவாகத் திரும்பிப் பிளக்ஸைப் பார்த்தார். அங்கிருந்து அவளைப் பார்த்தார். ஷம்ஸியா மனசுக்குள் தம்மாமுக்குப் பெட்டி கட்டத் தொடங்கினாள். மல்லிப்பொடியை மறக்காமல் எடுத்துவைக்க வேண்டும்.

அப்போதுதான் பேராசிரியர் நாற்காலி கீழே விழும்படி எழுந்தார். எழுந்து கைதட்டினார். சாதாரணத் தட்டலா அது? பொன்னாடை நழுவித் தரையில் கிடக்க, கொலைக்கேஸில் விடுதலையானவன் தட்டுவது போலத் தட்டினார்.

"பிரியாதது பிரியாது!" என்று முழங்கினார். "எத்தனை பேர் சொல்லுவார்கள் இதை? நான் இருக்கையிலே அமர்ந்ததுமே கண்டுகொண்டேன். இந்தப் பெண் சொல்லுகிறாளா என்று சோதிக்கவே மௌனமாக இருந்தேன். இப்படி ஒரு கணக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு மேதைமை வேண்டும். யார் தேர்ந்தெடுத்தது?"

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை இலை வியாபாரியைவிடச் சீக்கிரமாகக் கண்டுகொள்பவர் யாருண்டு? குற்றாலலிங்கம் ஒரே எட்டில் மைக்கைப் பிடித்தார்.

"கணக்கு டீச்சரம்மா குடுத்தது. அந்த ஒண்ணு இருக்கு பாத்தீகளா, அத யோசிச்சுச் சேத்தது நான்!"

இந்த முறை எங்கே தட்ட வேண்டும் என்பது கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

மேடையிலேயே ஆர்டர் கொடுத்தார். பிரியதர்ஷினி பைலால் விசிறிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கைகழுவுகிற குழாயடியில் பேராசிரியர் ஷம்ஸியாவின் பக்கமாக வந்து நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். மேடைத் தமிழ் முழுக்கக் கழன்று போயிருந்தது.

"ஏம்மா, அது நெசமாவே பிரியாதுல்லா?"

"பிரியாதுங்கய்யா."

"நல்லவேளை." மூச்சை விட்டார். "எப்படிப் போட்டும் எனக்குப் பிரியல. நிர்வாகம், கமிட்டின்னு போயி இதத் தொட்டே எத்தனையோ வருசமாச்சு. விளக்கச் சொல்லுதான் பாவி மனுசன். எனக்கு நெஞ்சடைப்பே வந்திருக்கும்." அழைப்பிதழைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, மறுபடியும் பேராசிரியராகிக் காருக்கு நடந்தார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் ஷம்ஸியா நிம்மதியாகப் பேட்டைக்கு பஸ் ஏறியிருப்பாள். வாசலில் தாளாளர் மறித்தார்.

"டீச்சரம்மா, ஆண்டு விழாவுக்கும் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுருவோம். நீ கணக்க மட்டும் குடு. அந்த ஒண்ண நான் பாத்துக்கிடுதேன்."

"ஐயா, அடுத்த தடவ பிரியுத கணக்காவே இருக்கட்டும்யா. எப்பவும் பிரியாததப் போட்டா பிள்ளைக கொழம்பிரும்."

"பிரியட்டும், பிரியாமப் போவட்டும். சுழியில முடியக் கூடாது, அவ்வளவுதான்."

ஆண்டு விழாவுக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து யோசித்து ஒரு கணக்கு எழுதினாள். x³ + 3x² + 7x + 21. முதல் சோடியில் x² வெளியே, இரண்டாவதில் 7 வெளியே. இரண்டிலும் (x + 3). வழுக்கிக்கொண்டு பிரிகிற கணக்கு. அதையே கொடுத்திருக்கலாம். ஆனால் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் மனுஷனுக்கு மனசு ஆறாது. வேறு எங்காவது கையை வைப்பார். நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி எண்ணை அடித்து 20 என்று எழுதிக் கொடுத்தாள். அவர் வழக்கம்போல ஒன்றைச் சேர்ப்பார், கணக்கு சரியாகிவிடும். இவளும் பிழைப்பாள், அவரும் மேதையாவார்.

விழாவன்று காலை பஸ் வளைவில் திரும்புவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். பள்ளி வாசலில் பிளக்ஸ் தெரிந்தது. கைகூப்பிய குற்றாலலிங்கம் தெரிந்தார். செருப்பு தெரிந்தது. அதற்குக் கீழே கணக்கின் முதல் மூன்று உறுப்புகளும் தெரிந்தன. கடைசி எண்ணை மட்டும் ஒரு வாழைமர இலை மறைத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை பார்த்து மனுஷன் அந்த ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டிருந்தால்?

பஸ் நிற்பதற்கு முன்பே ஷம்ஸியா கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் முந்தானையில் துடைக்கத் தொடங்கினாள்.